ராஜபாண்டி வக்கீல் எழுதிய மறுப்பு

ராஜபாண்டி வக்கீலை எனக்கு அவருடைய அம்மா வழியாகத்தான் தெரியும். சின்னத்தாய்க்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டு நோயாளிகளைக் கவனிக்கப் பயிற்சி எடுத்தவள் நான். புரட்டிப் படுக்கவைப்பேன், உடம்பு துடைப்பேன், ஸ்பூனில் கஞ்சி கொடுப்பேன். மற்ற நேரத்தில் அந்த வீட்டில் நடப்பது தானாகக் காதில் விழும்.

ராஜபாண்டியின் அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பனியன் கம்பெனியில் அயர்ன் போட்டவர். அம்மா அங்கேயே தைத்த துணியைச் செக்கிங் பார்த்தவர். ராஜபாண்டியும் பள்ளி விடுமுறைகளில் பீஸ் மடித்தவர்தான். அந்த லைன் வீடுகளிலிருந்து கறுப்புக் கோட்டுப் போட்ட முதல் ஆள். அவரிடம் வந்த வழக்குகளும் அந்த மாதிரிதான்: பி.எஃப். கட்டாத முதலாளி, சொல்லாமல் வேலையை விட்டு நிறுத்தியது, மிஷினில் போன விரல். கட்டிங் மாஸ்டர் வீரணனுக்கு இரண்டு விரல்கள் போயிருந்தன. கம்பெனி, அவர் தங்கள் ஆளே இல்லை என்றது. மூன்று வருடமாக அந்த வழக்கை ராஜபாண்டி நடத்திவந்தார். சாட்சி விசாரணை முடிந்து வாதம் மட்டும் பாக்கி.

அம்மா படுத்த பிறகு அவருக்குத் தூக்கம் கெட்டது. யாரோ பழக்கிவிட்டதில் கஞ்சா பிடிக்க ஆரம்பித்தார். மொட்டை மாடிக்குப் போய்விட்டுக் கண் சிவந்து இறங்குவார். அந்த வாடை எனக்குத் தெரியாததல்ல. ஆஸ்பத்திரியில் ஒரு நடை காட்டிவிட்டு வாருங்கள் என்றேன். "தூக்கத்துக்குத்தானக்கா. நானே விட்டுருவேன்" என்றார். கூலிக்கு வந்தவள் அதற்குமேல் என்ன பேசுவது.

பல்லடம் ரோட்டில் வாகனச் சோதனையில் பிடிபட்டார். கோட்டு வைத்திருந்த பையில் சின்னப் பொட்டலம். சொந்தத்துக்கு வைத்திருக்கிற அளவுதான். ஜாமீனில் அன்றைக்கே வந்துவிட்டார். மறுநாள் கந்தவேல் வக்கீல் வீட்டுக்கு வந்தார். ராஜபாண்டிக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சீனியர்.

"தம்பி, சின்ன அளவுங்க. வைத்தியம் பாத்துக்கறேன்னு மனுப் போட்டு, கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில முழுசா முடிச்சீங்கன்னா கேஸிலிருந்து விலக்குக் கேக்கலாம். சட்டத்துல வழி இருக்குதுங்க."

"எதுக்குண்ணே? போதை வார்டுல போய் உக்காந்தா என்கிட்ட கேஸ் குடுத்த கட்சிக்காரன் பாதிப் பேரு அங்கதான் இருப்பான். வக்கீலும் வந்துட்டாருன்னு எடம் போட்டுக் குடுப்பான்."

"குடுக்கட்டும், உக்காருங்க. கட்சிக்காரனுக்குப் புத்தி சொல்றதுக்கு மட்டும்தான் படிச்சீங்களா?"

ராஜபாண்டி கேட்கவில்லை. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்தார். சில்லறை வழக்குகளில் எத்தனையோ பேரிடம், கட்டிவிட்டுப் போய் வேலையைப் பாருங்கள் என்று சொன்னவர். தனக்கும் அப்படியே செய்துகொண்டார். முடிந்தது என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

முடியவில்லை. அவரிடம் வழக்கில் தோற்ற ஒரு கம்பெனியின் மேனேஜர் அந்த அபராதத் தீர்ப்பின் நகலை வைத்து பார் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பினார். ஒழுங்கு நடவடிக்கைக் குழு சென்னைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் விட்டது. வக்கீல் தொழில் செய்யும் சனதே பறிபோகுமோ, கொஞ்ச நாளைக்கு நிறுத்திவைப்பார்களோ, கண்டித்து அனுப்பிவிடுவார்களோ, எதுவும் நடக்கலாம்.

கந்தவேல் மறுபடி வந்தார். நான் சின்னத்தாய்க்கு முதுகில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன்.

"முதல் தப்பு, அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, இப்ப வைத்தியத்துக்குப் போறேன். மூணு வரி எழுதுங்க, போதும். அங்க உக்காந்திருக்கறவங்களும் வக்கீலுங்க தானுங்க. கடிச்சா திங்கப் போறாங்க?"

"எழுத்துல ஒத்துக்கிட்டா நாளைக்கு எல்லாக் கோர்ட்லயும் எதிர்த்தரப்பு அதைத் தூக்கிட்டு வருவான்ணே."

"ஏற்கெனவே கோர்ட்டுல ஒத்துக்கிட்டாச்சுங்களே?"

ராஜபாண்டி பதில் மனு எழுத உட்கார்ந்தார். எழுதியது பழகின கையல்லவா. யார் என்ன புகார் சொன்னாலும் பதில் மனுவின் முதல் பத்தியில் எல்லாவற்றையும் மறுத்துவிடுவது அவர்கள் தொழில் வழக்கம். அதையே தன் விஷயத்திலும் எழுதினார். புகாரில் கண்டவை யாவும் மறுக்கப்படுகின்றன, பொட்டலம் தன்னுடையதல்ல, தனக்கு எந்தப் பழக்கமும் கிடையாது. கந்தவேலிடம் காட்டாமலே அனுப்பிவிட்டார்.

விசாரணைக்குத் துணைக்குப் போன கந்தவேல், திரும்பி வந்து சின்னத்தாய்க்குக் கேட்காதபடி சமையலறையில் நின்று என்னிடம் சொன்னார்.

"பெரியவரு ஒருத்தரு கேட்டாருங்க, பொட்டலம் உங்களுது இல்லீன்னா கோர்ட்டுல எதுக்கு ஒத்துக்கிட்டீங்கன்னு. சீக்கிரம் முடிக்கறதுக்குன்னு இவரு சொன்னாரு. அப்ப அங்க பொய் சொன்னீங்களா, இங்க சொல்றீங்களான்னாரு. அவ்வளவுதானுங்க."

அன்றைக்கே தாராபுரத்து இளம் வக்கீல் ஒருவருக்கும் இதே மாதிரிப் புகார் விசாரணைக்கு வந்ததாம். அவர் ஒப்புக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சான்றிதழை நீட்டினார். எச்சரித்து அனுப்பினார்கள். ராஜபாண்டிக்கு ஒரு வருடம் எந்தக் கோர்ட்டிலும் தொழில் செய்யக் கூடாது என்று உத்தரவு வந்தது. கஞ்சாவுக்காக அல்ல, குழுவிடம் உண்மை பேசாததற்காக என்று அதில் எழுதியிருந்தார்கள். மேல்முறையீடு டெல்லிக்குப் போகலாம் என்றார் கந்தவேல். போய் எதைச் சொல்வது என்று கேட்டார் ராஜபாண்டி.

வழக்குக் கட்டுகளை வேறு வக்கீல்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். வீரணனுடையது கந்தவேலிடம் போனது. அதன்பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒழுங்காக மருந்து எடுத்தார், பழக்கம் விட்டது. முதலிலேயே செய்திருக்கலாம். அம்மாவிடம் கோர்ட்டு லீவு என்றார். "இம்புட்டு நாளா லீவு விடுவாக?" என்று குழறிக்கொண்டே கேட்டாள் அவள். அவள் செக்கிங்கில் இருந்தவள், டேமேஜ் எங்கே என்று பார்க்கத் தெரியும். பிறகு கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை வீரணன் வந்தார். வழக்கைச் சமாதானமாக முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொல்லி உத்தரவைக் கொடுத்தார். ராஜபாண்டி இரண்டு முறை படித்தார்.

"கந்தவேலண்ணன் பொறுக்கச் சொல்லலையா?"

"சொன்னாக. கம்பெனி ஆளு வந்து, உன் வக்கீலே கஞ்சா கேஸு, அவன் நடத்துன கேஸு நிக்குமாடான்னான். எனக்குப் பயம் வந்துருச்சு. குடுத்ததை வாங்கிக்கிட்டேன். நீங்க அங்க இருந்தா பயப்பட்டிருப்பனா?"

"இதுல பாதிகூட இல்லண்ணே உங்களுக்கு வர வேண்டியது" என்றார் ராஜபாண்டி. "என்னாலதான் போச்சு."

வீரணன் காகிதத்தை வாங்கி மீதி விரல்களால் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டீ கிடைக்குமா என்று கேட்டார். டீ போடுவது என் வேலையில் சேர்ந்ததல்ல. அன்றைக்குப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் குடித்தார்கள்.