தலையணை உறை வெள்ளைதான்

படங்களுக்கு நிறம் திருத்தும் கலரக்காவின் வேலை அறையில் கலரே கிடையாது. சுவர் சாம்பல், திரைச்சீலை சாம்பல், அவள் வேலைக்குப் போட்டு வருகிற சட்டையும் சாம்பல். பக்கத்தில் ஒரு சிவப்பு வாளி இருந்தால்கூடக் கண் ஏமாந்துபோகும் என்பாள். காலையில் அவள் கிளம்பும்போது, லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் "மேகம் கிளம்பியாச்சு, குடை எடுங்கப்பா!" என்று கிண்டல் செய்வார். இருபது வருஷமாக அதே கிண்டல். அவளும் இருபது வருஷமாக முறைத்துவிட்டுத்தான் போகிறாள்.

எடுத்து முடித்த குறும்படங்கள் அவளிடம் வரும். ஒரே அறை, ஒரே ஆள். ஆனால் காலையில் எடுத்த காட்சியில் முகம் நீலம் பாய்ந்திருக்கும், மாலையில் எடுத்ததில் ஆரஞ்சாக எரியும். அதையெல்லாம் ஒரே மனுஷனாக்குவது அவள் வேலை. கன்னத்தில் ஒரு துளி பச்சை ஏறினாலும் பிடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்ட கண்! அந்தக் கண்தான் வீட்டில் கோட்டைவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன் சாப்பாட்டு மேசையில் கணவரின் முகம் மஞ்சளாகத் தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் "உடம்புக்கு என்ன?" என்று கேட்டிருப்பார்கள். இவள் நிமிர்ந்து பல்பைப் பார்த்தாள். "இந்தக் கண்றாவி வெளிச்சத்துல எல்லாரும் இப்படித்தான் தெரிவாங்க" என்று மறுநாளே வேறு பல்பு மாட்டினாள். அப்புறம் ஜன்னலின் மஞ்சள் திரைச்சீலை மேல் பழி விழுந்தது. அதையும் கழற்றினாள். அவரோ பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார். வேலை அலுப்பு என்றார். அவளும் சரியென்று விட்டுவிட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை, உடம்பு முடியவில்லை என்று அவர் லீவு போட்டிருந்தார். அன்று பகல் ஒரு குறும்படத்தின் இயக்குநர், சின்னப் பெண், முடித்த வேலையைப் பார்க்க வந்தாள். கட்டிலில் ஒருவர் படுத்திருக்கும் காட்சி ஓடியது.

"அக்கா, அவர் மூஞ்சியில இருந்த மஞ்சள் எங்க?"

"லைட்டு மஞ்சளா விழுந்திருந்துச்சும்மா. சரி பண்ணிட்டேன்."

"ஐயோ அக்கா, அவர் நோயாளி! மேக்கப் போட்டு, கண்ணுக்கு லென்ஸ் வச்சு ரெண்டு மணி நேரம் பாடுபட்டோம். நீங்க ஒரே நாள்ல குணப்படுத்திட்டீங்களே! பாருங்க, மஞ்சளை எடுத்ததுல தலையணை உறைகூட நீலமாயிடுச்சு."

முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் தலையணையைக் கவனிக்கவே இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, செய்த திருத்தத்தை நீக்கினாள். உறை பளிச்சென்று வெள்ளையானது. முகம் மட்டும் மஞ்சள். கண்ணின் வெள்ளையும் மஞ்சள். கெட்டிருந்தது வெளிச்சம் இல்லை, ஆள்தான்.

கலரக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. நேற்றுச் சாப்பிடும்போது கணவர் முன்னால் இருந்த தட்டும் வெள்ளையாகத்தானே இருந்தது?

"கொஞ்சம் இரும்மா" என்றவள், நிறம் ஒத்துப்பார்க்க வைத்திருக்கும் வெள்ளை அட்டையை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனாள்.

"என்னங்க, எழுந்து ஜன்னல்கிட்ட வாங்க."

"என்ன, மேகம் மத்தியானமே திரும்பிடுச்சு?" என்று அவர் தள்ளாடி வந்தார்.

நல்ல வெயில் வெளிச்சத்தில் அட்டையை அவர் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தாள். அட்டை வெள்ளை. கன்னமும் கண்ணும் மஞ்சள். போட்டிருந்த சட்டையோடு அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

பித்தக் குழாயில் கல் அடைத்திருந்தது. "இன்னும் நாள் கடத்தியிருந்தா உயிருக்கே ஆபத்து. நாளைக்கே எடுத்துடலாம், பயப்படாதீங்க" என்றார் டாக்டர். "எத்தனை நாளா இப்படி மஞ்சளா இருக்கு?"

"நேத்துலேருந்துதான் டாக்டர்" என்று கணவர் முந்திக்கொண்டார்.

தன் மேல் பழி விழக்கூடாது என்றுதான் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. தாங்கவில்லை.

"இல்ல டாக்டர், மூணு வாரமா" என்றாள். "நான் பல்பை மாத்திக்கிட்டு இருந்தேன்."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். கணவர் கையை நீட்டி அவளுடைய சாம்பல் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.