முன்னும் பின்னும் படிக்கிறவள்

என் அக்காவை எல்லோரும் ஊசிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. சர்க்கரை எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், லேசில் வாயைத் திறக்க மாட்டாள். "சாப்பிட்டுட்டு வந்தீங்களா, வெறும் வயித்துலயா? காய்ச்சல் ஏதும் இருந்துச்சா?" என்று குடைந்தெடுத்த பிறகுதான் சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்.

என் மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, "இனி எனக்கு அல்லாவே வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். பள்ளிவாசல் பக்கமும் போகவில்லை. கல்லூரியில் படிக்கும் மகள் அன்றைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனவள்தான்; அப்புறம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவே இல்லை. கடைசியில் ஒருநாள் பையைக் கட்டினாள். விடுதிக்குப் போகிறாளாம், இனி இந்த வீட்டுக்கு வரமாட்டாளாம். பதறிப்போய் அக்காவை வரச் சொன்னேன்.

"என்னடி பெரிய மனுஷி, என்ன ஆச்சு?" என்று அக்கா கேட்க, மகள் கைபேசியை நீட்டினாள். குர்ஆன் வசனம் ஒன்று. நம்பிக்கையைவிட இறைமறுப்பை விரும்பும் தந்தையரை உற்ற துணைவர்களாக்கிக்கொள்ளாதீர்கள் என்றிருந்தது.

"போகட்டும் விடு!" என்றேன். போய்விடுவாளோ என்று உள்ளுக்குள் நடுங்கினேன்.

"நீ சும்மா இருடா," என்றாள் அக்கா. அலமாரியிலிருந்து குர்ஆனை எடுத்து, அதே அத்தியாயத்தில் சில வசனங்கள் முன்னால் போய் மகளிடம் கொடுத்தாள். மகள் படித்தாள்: உடன்படிக்கையை முறித்தவர்கள், இறைத்தூதரை ஊரைவிட்டே வெளியேற்றத் துணிந்தவர்கள், முதலில் சண்டையைத் தொடங்கியவர்கள்.

"அங்க பேச்சு இவங்களைப் பத்தி. உங்க வாப்பா யாரை விரட்டினாரு? ஒரு கரப்பான்பூச்சியை விரட்டத் துப்பில்லாத ஆளு!"

மகளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது; அடக்கிக்கொண்டாள். அக்கா லுக்மான் அத்தியாயத்தைப் புரட்டினாள். அல்லாவுக்கு இணையாக வேறொன்றை வணங்கச் சொல்லி வற்புறுத்தும் பெற்றோருக்குக் கட்டுப்படாதே, ஆனாலும் இவ்வுலகில் அவர்களோடு நல்லவிதமாகச் சேர்ந்திரு என்றது அது.

"அப்ப வாப்பா சொன்னது தப்பில்லையா அத்தை?"

"அது எனக்குத் தெரியாதும்மா. எந்த நிலைமையில சொன்னாருன்னு நீ அவர்கிட்ட கேட்டியா?"

மகள் என் பக்கம் திரும்பினாள். "ஏன் வாப்பா அப்படிச் சொன்னீங்க?"

"உங்க உம்மாவைக் காப்பாத்துன்னு அல்லாகிட்ட எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா? கேக்கலையே! அந்தக் கோபத்தை வேற யார்கிட்ட போய்க் காட்டுறது? இன்னிக்கும் அவன்கூடத்தான் மல்லுக்கட்டிட்டு இருக்கேன்."

அவள் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "எனக்கும் அவன் மேல கோபம்தான் வாப்பா," என்று தேம்பினாள். "நானும் நம்பிக்கையில்லாதவளா ஆயிட்டேனோன்னு பயம். அதான் உங்க முகத்தைப் பார்க்கவே முடியலை."

நான் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் நகரவில்லை.