கையைக் கட்டுங்க, டீச்சர்

என் அக்கா கேத்தரினின் கைகள் அவள் பேச்சையே கேட்காது. விவேக் நகரில் எல்கேஜி டீச்சராக இருந்தவள். பிள்ளை பெஞ்சிலிருந்து சாய்வதற்குள் அவள் கை அங்கே போய் நிற்கும். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆள் தடுமாறினாலும் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் "சாரி சார்" என்பாள்.

பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஏணியிலிருந்து விழுந்து அவள் கணவர் ஓஸ்வால்டுக்கு முதுகுத்தண்டில் அடிபட்டது. இரண்டு கால்களும் அசையவில்லை. "யூனியன்கூட இவ்ளோ நாள் ஸ்ட்ரைக் பண்ணதில்லடா அமல்" என்பார் மாமா. கட்டிலிலிருந்து வீல்சேர், வீல்சேரிலிருந்து கட்டில் என்று எல்லாவற்றுக்கும் அக்காவே தூக்கினாள். ஸ்கூலுக்கு நீண்ட லீவு போட்டாள். ஜூன் மாதம் திரும்பி வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக ஸ்கூலில் சொல்லியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடப்பது தெரிந்தது. கைகளுக்கும் உடம்புக்கும் கூடுதல் பயிற்சி கொடுத்தால், இப்படி அடிபட்டவர்கள் தனியாக இடம் மாறி உட்கார முடியுமா என்று பார்க்கிறார்களாம். யாருக்குக் கூடுதல் பயிற்சி, யாருக்கு வழக்கமான பயிற்சி என்பதைக் கம்ப்யூட்டர்தான் குலுக்கிப் போட்டது. மாமாவுக்குக் கூடுதல் பயிற்சி வந்தது. எழுதுவதில் பாரபட்சம் வந்துவிடக்கூடாதென்று, சோதனை எடுக்கும் தாரணிக்கு மட்டும் அதைச் சொல்லக்கூடாது. ஊரையே வம்புக்கு இழுக்கும் மாமா அந்த ஒரு விஷயத்தில் வாயை இறுக்க மூடிக்கொண்டார். மனிதர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வாயைக் கட்டி என்ன பயன்? பயிற்சி முடிந்து சோதனை நாளன்று, முதல் முறை அவர் வீல்சேரிலிருந்து தன் உடம்பைத் தூக்கிக் கட்டிலுக்கு நகர்த்தும்போது லேசாக ஆடினார். அக்காவின் கை பாய்ந்து அவர் முதுகைத் தாங்கியது.

"மேடம், தொடாதீங்க. தொட்டா உதவியோட செஞ்சதாத்தான் எழுதணும்" என்றாள் தாரணி.

"சாரிம்மா, சாரி" என்றாள் அக்கா. அடுத்த முறையும் அதே கதைதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நீ கொஞ்சம் வெளிய நில்லேன்!"

"வேணாம்டா" என்றார் மாமா. "அவ பாக்கணும். பாக்கலன்னா நாளைக்கு ஸ்கூல்ல உக்காந்துட்டும் என் நெனப்பாவே பயந்துட்டு இருப்பா." பிறகு அக்காவைப் பார்த்து, வகுப்பில் அவள் போடும் அதட்டலை அப்படியே போட்டார். "கையைக் கட்டுங்க, டீச்சர்!"

அக்கா அசட்டுச் சிரிப்போடு எல்கேஜி பிள்ளை மாதிரி மார்பில் கையைக் கட்டிக்கொண்டாள்.

மாமா வீல்சேரின் பிரேக்கைப் போட்டார். ஒரு கையைக் கட்டிலிலும் ஒரு கையை நாற்காலியிலும் ஊன்றி எழும்பினார். பாதியில் தோள் நடுங்கியது. அக்காவின் விரல்கள் அவள் ரவிக்கைக் கையையே கசக்கின. கட்டு மட்டும் அவிழவில்லை. மாமா இன்னொரு தம் பிடித்தார். தொப்பென்று கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஆய்த்து!" என்று கன்னடத்தில் முடிந்ததென்று கத்தினார்.

"தனியா செஞ்சார்" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள் தாரணி. நான் கைதட்டினேன். அக்கா மட்டும் கட்டிய கையோடு அப்படியே நின்றாள். கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைக்கக்கூட கையை எடுக்கவில்லை.

"முடிஞ்சுது கேத்தி" என்றார் மாமா. "இப்பக் கையக் குடு. தூக்க வேணாம். சும்மா புடிச்சுக்க."