முட்டை லாரிக்குப் பின்னால் கடலுக்கு

புதுச்சத்திரத்தில், நெடுஞ்சாலையோர டீக்கடையில் நிற்கிறோம். கல்யாணமாகி இருபது வருடத்தில் நானும் என் கணவரும் கிளம்பியிருக்கும் முதல் விடுமுறை இது. கூட்டமில்லாத ஒரு கடற்கரை வேண்டும். எந்த ஊர் என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.

முட்டை லாரியின் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கும் டிரைவர் எங்கள் வாக்குவாதத்தைக் கேட்டுத் திரும்புகிறார். கடைக்கார அக்காவின் வீட்டுக்காரர்தான் அவர்.

"தரங்கம்பாடிக்குப் போங்க. வலை காயப் போடறவங்களத் தவிர ஆளே இருக்காதுங்க. நானும் இப்ப அங்கதான் லோடு கொண்டு போறனுங்க."

"அலை எப்படிங்க? இறங்கிக் குளிக்கலாமா?" என்கிறேன்.

"அது தெரியாதுங்க. பதினஞ்சு வருசமாப் போறன், கால்கூட நனைச்சதில்ல. லோடு எறக்குனா திரும்போணுமே."

வடைச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்கிறார். "கால்கூட நனைக்கலியா? கடல் எப்படி இருக்கும்னு நான் கேட்டப்பெல்லாம், எல்லாம் வெறும் உப்புத் தண்ணின்னு சொன்னீங்களே!"

டிரைவர் தலையைச் சொறிகிறார். அக்கா அடுப்பை அணைத்து, கடைச் சாவியைப் பக்கத்துப் பஞ்சர் கடையில் கொடுக்கிறார்.

"நானும் வாரேன். வண்டிய எடுங்க."

"ஊட்டுல மாடு இருக்குதே!"

"உங்க தம்பி கறக்கட்டும்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே எட்டில் கேபினில் ஏறுகிறார். ஊர் முடிவாகிவிட்டது. நாங்களும் ஓடிப்போய்க் காரைக் கிளப்புகிறோம்.

நகரும் லாரியின் ஜன்னலில் அக்காவின் தலை நீள்கிறது. "ஐயோ, மாத்துச் சேலை எடுக்கலீங்களே!"

"என்கிட்ட மூணு இருக்குதுக்கா!" என்று கத்துகிறேன். "நிக்காம போங்க!"