என் நாற்காலிக்கு ஆள் தேடினேன்

மரக்காணத்தில் உப்பைக் கழுவி, அரைத்து, அயோடின் கலந்து பாக்கெட் போடும் ஆலை ஒன்றில் நான் மட்டும்தான் இன்ஜினியர். 2005-இல் எனக்குச் சென்னையில் வேறு வேலை கிடைத்தது. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். மனிதர் கோபப்படவே இல்லை.

"தாராளமா போப்பா. உன் எடத்துல ஒருத்தர உக்கார வச்சிட்டுப் போ" என்றார்.

ஆள் கிடைக்காவிட்டால் சென்னை வேலை கைநழுவிவிடும். அதனால் இன்டர்வியூவுக்கு வந்த எல்லாரையும் எனக்குப் பிடித்தது. கேள்வியையும் கேட்டுப் பாதிப் பதிலையும் நானே எடுத்துக்கொடுத்தேன். கெடுத்தது முதலாளிதான். அவர் மார்க் ஷீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார். வந்தவரை ஆலைக்குள் ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போவார், அவ்வளவுதான்.

முதலில் வந்தவன் கெட்டிக்காரன். பம்பைக் கழற்றிக்கொண்டிருந்த எங்கள் ஃபிட்டரிடம், அவர் செய்வது தப்பு என்று எல்லார் முன்னாலும் விளக்கினான். அவன் சொன்னது சரிதான். ஃபிட்டர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

"இவன் வந்தா அவரு போயிடுவாரு. அப்புறம் பம்ப யாரு பாக்கறது?" என்றார் முதலாளி.

அடுத்தவன் ரொம்ப நல்ல பிள்ளை. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைக் காட்டி, "சத்தம் சரியில்லல்ல?" என்று கேட்டார் முதலாளி. "ஆமாங்க சார், சரியில்லதான்" என்றான். அவனும் போனான். எனக்கு வந்த எரிச்சலில் முதலாளியை அப்படியே தூக்கி உப்பளத்தில் போட்டிருப்பேன்.

பிறகு பக்கத்து ஊரான பிரம்மதேசத்திலிருந்து ஒரு பெண் வந்தார். ஃபிட்டரிடம் மரியாதையாகப் பேசினார், மோட்டாருக்கு ஒன்றுமில்லை என்று முதலாளியிடமே சொன்னார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த உற்சாகத்தில், "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றேன்.

"நீங்க ஏன் சார் போறீங்க?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. முதலாளியும் கேட்டதில்லை. நல்லதாக நாலு வார்த்தை சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"மெஷின் நின்னா நான்தான் ஓடணும். நான் செய்யறது சரியா தப்பான்னு கேக்க ஒரு ஆளு கெடையாது. இங்க ரொம்பத் தனியா இருக்குது" என்றேன். குரல் வேறு உடைந்து தொலைத்தது.

அவர் முதலாளி பக்கம் திரும்பினார். "அப்ப நான் வந்தாலும் ஒரு வருஷத்துல இவரு மாதிரியே ஆள் தேடிக்கிட்டு இருப்பேங்க சார். இது ரெண்டு பேரு வேலை. ரெண்டு பேர எடுத்தீங்கன்னா வர்றேன்."

போச்சு, சென்னை போச்சு என்று நினைத்துக்கொண்டேன். கையில் கிடைத்த ஆளை என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேனே!

முதலாளி, "சரிம்மா, ரெண்டு பேரு. நீ திங்கக்கெழமை வந்துடு" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஏம்பா, இன்னொரு எடம் காலியா இருக்குது. நீ அப்ளை பண்றியா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"பண்றேன் சார்" என்றேன்.