என்ர பேரிலை எடுத்த ரவியின்ர நெஞ்சுப் படம்

அன்பான சகோதரங்களே, ஆண்டவருக்குத் தோத்திரம். முதலிலை ஒண்டைச் சொல்லிப்போட்டுத்தான் மற்றதுக்கு வருவன். போன வருசம் தை மாதம் இதே மண்டபத்திலை நிண்டு நான் சொன்ன சாட்சி பொய்.

"என்ர நெஞ்சுப் படத்திலை ஒரு குறையும் இல்லை, ஜெபத்துக்குப் பதில் கிடைச்சிட்டுது" எண்டு சொன்னன். நீங்கள் கைதட்டினியள். பாஸ்ரர் கண்கலங்கினார். ஆனால் அது என்ர நெஞ்சு இல்லை. என்ர அறையிலை இருந்த ரவியின்ர நெஞ்சு. பின்வரிசையிலை தலையைக் குனிஞ்சுகொண்டு இருக்கிறானே, அவன்தான்.

இனி நடந்ததைக் கேளுங்கோ.

எண்பத்தாறாம் ஆண்டு மாரி. இஞ்சை இந்தப் பிரெஞ்சு நாட்டிலை, லா சப்பலிலை ஆறாம் மாடியிலை ஒரு அறை, அதுக்குள்ளை ஆறு பேர். சன்னலைத் திறந்தால் குளிர், பூட்டினால் மூச்சு முட்டும். எனக்கு சென் லசார் ஸ்ரேசனுக்குக் கிட்ட ஒரு ரெஸ்ரோறனிலை கோப்பை கழுவுற வேலை. மனிசியும் ரெண்டு பெட்டைப் பிள்ளையளும் யாழ்ப்பாணத்திலை. இஞ்சை இருக்க விடுற கார்ட் கிடைச்சால்தான் அவையைக் கூப்பிடலாம். அங்கை ஷெல் விழுது, இஞ்சை நான் இருமிக்கொண்டு இருக்கிறன்.

முதலிலை தடிமன் எண்டு நினைச்சன். கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சன். பிறகு பின்னேரத்திலை காய்ச்சல், வேர்வை. காற்சட்டை இடுப்பிலை நிக்கேல்லை. ஒருநாள் கைலேஞ்சியிலை ரத்தம். எனக்கு விளங்கிட்டுது. கசம், அதுதான் காசநோய். அந்தச் சொல்லை வாயாலை சொல்ல எனக்குத் துணிவு வரேல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கடிதம் வந்தது. கார்டுக்கு முதல் நெஞ்சுப் படம், அதுதான் எக்ஸ்ரே, எடுக்கவேணுமாம். கசம் எண்டு கண்டால் கார்ட் இல்லை, அடுத்த பிளேனிலை ஏத்திப்போடுவாங்கள் எண்டு லா சப்பல் முழுக்க ஒரு கதை. ஆர் சொன்னது? ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாரும் நம்பினம். அதுக்கு நாங்களே ஒரு வழியும் கண்டுபிடிச்சு வைச்சிருந்தம். வருத்தக்காரனுக்குப் பதிலா அறையிலை ஆர் மொத்தமா இருக்கிறானோ அவன் போறது. வெள்ளைக்காரனுக்கு நாங்கள் எல்லாரும் ஒரே முகம்தானே.

ரவி போனான். கார்ட் வருமட்டும் வைச்சிருக்கிற துண்டு, என்ர ரெசிப்பிசே; என்ர ஜக்கெட். "அண்ணை, மூச்சை இழுத்துப் பிடி எண்டாங்கள், பிடிச்சன்" எண்டு சிரிச்சுக்கொண்டு பெரிய உறையோடை வந்தான். உறையிலை என்ர பேர். கார்டுக்குக் கூப்பிடேக்கை அதைக் கொண்டுபோய்க் குடுக்கவேணும். அவனுக்கு நான் ரத்தத்தைப் பற்றிச் சொல்லேல்லை. சிகரெட் இருமல் எண்டு சொல்லி வைச்சிருந்தன். பாருங்கோ என்ர கெட்டித்தனத்தை!

பிறகு உங்களிட்டை வந்து சாட்சி சொன்னன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை மாதிரி வந்திட்டுது. ஆனால் இருமல் நிக்கேல்லை. ஒவ்வொரு நாளும் முழங்காலிலை நிண்டு கேட்டன். பதில் இல்லை. கடைசியிலை எனக்கு ஆண்டவரிலை கோவம் வந்திட்டுது. "உமக்குக் காது கேக்குதோ, இல்லையோ? எத்தினை தரம் கேக்கிறது?" எண்டு சத்தம் போட்டிருக்கிறன்.

ரெஸ்ரோறனிலை எனக்குப் பக்கத்திலை சட்டி கழுவுறவன் பக்காரி. மாலி நாட்டுக்காரன், கயேஸ் பக்கம் ஒரு கிராமம். பொபினியிலை ஆபிரிக்க ஆக்கள் இருக்கிற விடுதியிலை இருந்தவன். முஸ்லிம். இடைவேளையிலை மரக்கறிப் பெட்டியளுக்குப் பின்னாலை காட்போட் மட்டையை விரிச்சுத் தொழுவான். ரெண்டு பேருக்கும் அரைகுறைப் பிரெஞ்சுதான். அதை நான் தமிழிலை சொல்லுறன்.

ஒருநாள் மத்தியானம் நான் தொட்டிக்குள்ளை துப்பினதை அவன் கண்டிட்டான். கையைப் பிடிச்சான்.

"எவ்வளவு காலம்?"

"தடிமன்."

"பொய் சொல்லாதை. இந்த இருமலை எனக்குத் தெரியும்."

அவன்ர மனிசி அமினத்தா. அவளுக்கும் இதுதான். படம் எடுக்கிற இடத்துக்கு லொறியிலை ஒரு முழு நாள் போகவேணும். போனால் மெசின் பழுது, திரும்பி வா எண்டிருக்கிறாங்கள். ரெண்டாந்தரம் சளியைப் பார்த்துக் கண்டுபிடிச்சு ரெண்டு மாதத்துக்கு மருந்து குடுத்தவங்கள். மூண்டாம் மாதம் மருந்து முடிஞ்சுது. எப்ப வரும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

"நான் இஞ்சை இருந்து காசு அனுப்பினன்" எண்டான். "காசு இருந்தது. வாங்கிறதுக்கு மருந்துதான் இல்லை. அவளைப்போலை எங்கட ஊரிலை இன்னும் மூண்டு பேர். அவளோடை எல்லாரும் செத்துப்போச்சினம்."

பிறகு அவனுக்கு விசர் வந்திட்டுது. "இஞ்சை, நாலு மெத்ரோ ஸ்ரேசன் தள்ளி அதே மருந்தைச் சும்மா குடுக்கிறாங்கள். கார்ட், பேப்பர் ஒண்டும் கேக்கிறேல்லை. நீ ஒளிச்சு விளையாடுறாய்! உனக்கென்ன பைத்தியமோ?" அவன் போட்ட சத்தத்திலை குசினிக்காரன் ஓடிவந்து எட்டிப் பார்த்தான்.

எங்கட லீவு நாளிலை காலமை பக்காரி ஆறு மாடியும் ஏறி வந்து கதவடியிலை நிக்கிறான். போகாமல் ஏலாது. ஆனால் நான் விடுவனோ? அந்த உறையைக் கட்டிலுக்குக் கீழை இருந்து எடுத்துக்கொண்டு போனன். சுகமான ஆள் எண்டு காட்டிப்போட்டு வருவம் எண்டு.

டிஸ்பென்சரியிலை ஒரு டொக்டர் அம்மா. என்னைப் புதுசா ஒரு படம் எடுத்தா. ரெண்டு படத்தையும் வெளிச்சத்திலை பக்கத்திலை பக்கத்திலை கொழுவினா. கனநேரம் பார்த்தா.

"பழைய படத்திலை இருக்கிறவருக்குக் காறையெலும்பு முறிஞ்சு பொருந்தியிருக்கு. உங்களுக்கு முறியவே இல்லை. இது ஆர்?"

ரவி சாவகச்சேரியிலை மோட்டச்சைக்கிளிலை விழுந்தவன்! எனக்கு அது ஞாபகமே இல்லை. முழுசிக்கொண்டு இருந்தன். பக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான். எனக்கு அழுகை வந்திட்டுது. எல்லாத்தையும் சொன்னன், பிளேனிலை ஏத்துற கதையையும்.

"நான் டொக்டர், பொலிஸ் இல்லை" எண்டா அவ. "கசத்துக்கு ஆரையும் திருப்பி அனுப்பினதை நான் காணேல்லை. இந்த நெஞ்சோடை ஒரு அறைக்குள்ளை மற்ற ஆக்களோடை படுத்தீங்களே, அதுதான் எனக்குக் கோவம். அவ்வளவு பேரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

முதல் கொஞ்ச நாள் என்னை ஆஸ்பத்திரியிலை தனிய வைச்சிருந்தவை. அறையிலை மற்ற அஞ்சு பேருக்கும் படம் எடுத்தினம். ஒருத்தனுக்கு நெஞ்சிலை புள்ளி. ரவிக்கு. எனக்காகத் தன்ர நல்ல நெஞ்சைக் காட்டினவனுக்கு நான் குடுத்த வருத்தம். ஒரு மாதம் அவன் என்னோடை கதைக்கேல்லை. சரிதானே? நானெண்டால் அடிச்சிருப்பன்.

ஒன்பது மாதம் குளிசை. மூத்திரம் செம்மஞ்சளாப் போகும், வயித்தைப் பிரட்டும். மூண்டாம் மாதம் உடம்பு தேறினவுடனை எனக்குப் பழைய புத்தி வந்திட்டுது. விசுவாசத்தாலை சுகமாயிட்டன், இனி ஏன் குளிசை எண்டு. பக்காரி விடேல்லை. ஒவ்வொரு நாளும் வேலை தொடங்க முதல் தண்ணியோடை வந்து நிண்டு, விழுங்கினாப்போலை வாயைத் திறந்து காட்டச் சொல்லுவான்.

ஒருநாள் எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. "நான் செத்தால் உனக்கென்னடா?" எண்டு கேட்டன்.

அவன் கிளாசை நீட்டினபடி சொன்னான்: "நான் அமினத்தாவுக்குத்தான் கேட்டனான். அல்லா உனக்குத் தந்திட்டான். விழுங்கு."

விழுங்கினன். அண்டைக்குப் பிறகு ஒரு நாளும் விடேல்லை.

சகோதரங்களே, கார்த்திகையோடை மருந்து முடிஞ்சுது. நெஞ்சு சுத்தம் எண்டு டொக்டர் சொல்லிட்டா. ரவியும் சுகம். உண்மையான படத்தைக் குடுத்தும் கார்ட் வந்தது, ஆரும் என்னைப் பிளேனிலை ஏத்தேல்லை. போன கிழமை மனிசியும் பிள்ளையளும் வந்து சேர்ந்திட்டினம். முன்வரிசையிலை இருக்கினம், பாருங்கோ. ஆண்டவர் என்ர ஜெபத்தைக் கேட்டவர். என்னைத் திட்டித் திட்டிக் குளிசை விழுங்க வைக்க ஒரு மாலிக்காரனை அனுப்பினவர். சாகும்வரை நன்றி சொல்லுவன்.

ஆனால் என்ர மனவருத்தத்தையும் ஒளிக்க மாட்டன். ஒளிச்சது காணும். கள்ளப் படம் எடுப்பிச்ச எனக்கு நாலு மெத்ரோவிலை மருந்து. ஒரு பிழையும் செய்யாத அந்தப் பிள்ளை அமினத்தாவுக்கு ஒரு நாள் லொறியிலை போயும் இல்லை. அவளும் கேட்டிருப்பாள்தானே? ஒவ்வொரு நாளும் ஆண்டவரிட்டை இதைக் கேக்கிறன். இதுக்கு இன்னும் பதில் வரேல்லை. பாஸ்ரர் கோவிக்கக் கூடாது. பதில் வருமட்டும் கேப்பன்.

இப்ப நானும் பக்காரியும் லீவு நாளிலை வருத்தக்காரரை டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போறம். ஆண்டவரை நம்புங்கோ. ஜெபியுங்கோ. ஆனால் அவர் நீட்டிற கையைத் தட்டிவிடாதையுங்கோ. உங்கட சொந்தப் பேரிலை, உங்கட சொந்த நெஞ்சைக் காட்டுங்கோ. கூட்டம் முடிய பக்காரி வாசலிலை நிப்பான், நானும் நிப்பன். ஆருக்கு வருத்தம் எண்டு கேக்க மாட்டன், கை உயர்த்தவும் வேண்டாம். இப்ப நான் கதைச்சுக்கொண்டு இருக்கேக்கை மூண்டு பேர் இருமினீங்கள். எனக்குக் கேட்டது.