பிரிக்காத பொட்டலம்

கல்யாணமான மூன்றாம் வருடம் எனக்கு ஐரோப்பாவில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. குவாண்டம் இயற்பியலின் தத்துவம், ஐந்து வருடம். எனக்கு வயது முப்பத்தைந்து. குழந்தை பெற்றுக்கொள்வதைத் தள்ளிப்போட முடியாத வயது. புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு வீடும் பார்த்து வைத்திருந்தோம். போவதா, இருப்பதா என்று ஒரு மாதம் கணவரின் உயிரை வாங்கினேன்.

அவர் திருச்சிப் பக்கம். இங்கே கப்பல் பட்டறையில் இன்ஜினியர். “பூக்கட்டிப் பார்த்துடலாம்,” என்றார். அறிவியல் படித்தவள் எப்படிச் சம்மதித்தாய் என்றால், கோழைத்தனம்தான். நானே முடிவெடுத்தால் பழி என் தலையில் விழும். சாமி என்றால் தாங்கிக்கொள்ளும்.

சிராங்கூன் சாலையில் அவரே பூ வாங்கினார். மல்லிகை வாசம் காட்டிக்கொடுத்துவிடுமாம், அதனால் இரண்டும் அரளி. வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் இருக்கலாம். வாழையிலையில் மடித்து, நூல் சுற்றி, அங்கிருந்த கோயில் சந்நிதியில் வைத்தார். பரிசோதனைக்கூடத்தில்கூட இத்தனை கண்டிப்பை நான் பார்த்ததில்லை. நான் ஒன்றை எடுத்துப் பிரித்தேன். வெள்ளை. ஒன்று வெள்ளை என்றால் மற்றது சிவப்பு; அதை எதற்குப் பிரிப்பது? அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

போனேன். அங்கே நான் எழுதியதும் ஏறக்குறைய இதைப் பற்றித்தான். சேர்ந்து பிறந்த இரண்டு துகள்கள் வெகுதூரம் பிரிந்து போகின்றன. ஒன்றை அளந்தால் மற்றதைப் பற்றியும் தெரிந்துவிடுகிறது. பூப்பொட்டலம் மாதிரி பதில் உள்ளே முன்பே இருந்தது என்று சொல்லிவிடலாமா? கேட்காத கேள்விக்கும் பதில் தயாராக இருந்தது, இங்கே செய்வது அங்கே உடனே எட்டாது, இந்த இரண்டையும் ஒருசேர நம்பினால் கணக்கு உதைக்கிறது. ஆகவே செய்யாத சோதனைக்கு முடிவு எழுதிவைக்காதீர்கள் என்று முந்நூறு பக்கம் உபதேசம் செய்தேன். பட்டமும் கொடுத்தார்கள்.

வீட்டில் நான் அந்த உபதேசத்தை மருந்துக்கும் கடைப்பிடிக்கவில்லை. திரும்பி வந்தபோது வயது நாற்பது. குழந்தை உண்டாகவில்லை. அதன்பின் பிரிக்காத அந்தப் பொட்டலத்துக்குள் மனதாலேயே ஒரு முழுக் குடும்பத்தை நடத்தினேன். பதினான்காம் மாடி வீடு, ஒரு பெண் குழந்தை. இந்த வருடம் அவள் பிரைமரி ஐந்து. கணக்கில் என்னைவிட மோசம். அவளைப் பற்றிக் கணவரிடம் மூச்சுவிட்டதில்லை. “சிவப்பு வந்திருந்தா...” என்று மட்டும் அடிக்கடி ஆரம்பிப்பேன். அவர் பேப்பரைப் புரட்டுவார்.

போன மாதம் சுவா சூ காங்கிலிருந்து எல்ஆர்டியில் போய்க்கொண்டிருந்தோம். புக்கிட் பாஞ்சாங்கில் நாங்கள் வீடு பார்த்து வைத்திருந்த அந்த அடுக்குமாடி புளோக் வந்தது. கையை நீட்டிக் காட்டினேன்; வீடுகளுக்குள் யாரும் எட்டிப்பார்க்காமல் இருக்க, வழக்கம்போல ரயிலின் ஜன்னல் கண்ணாடி தானாக மங்கிக்கொண்டது. நானும் வழக்கம்போல, “சிவப்பு வந்திருந்தா அந்த வீட்டுல இருந்திருப்போம்,” என்றேன்.

“சிவப்பே இல்லம்மா,” என்றார். “ரெண்டுலயும் வெள்ளைதான் கட்டினேன்.”

ரயில் என்றும் பாராமல் கத்தினேன். “சாமி முன்னாடியே ஏமாத்தினீங்களா? போன்னு நேராச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா, நீங்கதான் அனுப்புனீங்கன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்காட்டியிருப்ப.”

இதுவும் செய்யாத சோதனைதான். ஆனால் முடிவு எனக்குத் தெரிந்திருந்தது. அவருக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் எரிச்சல்.

இரண்டு நிலையம் தாண்டியதும் கேட்டேன். “நான் போனா குழந்தை இல்லாமப் போகலாம்னு யோசிக்கலையா?”

“யோசிச்சுத்தான் கட்டினேன்,” என்றார். கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு, “பொண்ணாப் பிறந்தா நல்லா இருக்கும்னு நெனச்சுக்கிட்டே கட்டினேன்,” என்றார்.

இத்தனை வருடமாக அவளை இழந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.